பழைய கைரம்பத்துக்குப் புதுக் கைப்பிடி: டிஸ்ட்டன் 7-ஐ வைத்து முழுமையான வழிகாட்டி

பழைய ரம்பக் கைப்பிடியை நகலெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அதன் வெளிக்கோட்டை மட்டுமே நகலெடுக்கிறார்கள். கோடு அச்சு அசலாக இருக்கும். கையில் பிடித்தால் பலகையைப் பிடித்த மாதிரி இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கைப்பிடி கையில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அதன் உருட்டல், அதாவது ஓரங்களை வளைவாக ராவியிருக்கும் விதம். எந்த இடத்தில் நன்றாக உருட்டியிருக்கிறார்கள், எந்த இடத்தைத் தட்டையாக விட்டிருக்கிறார்கள், உருட்டல் எங்கே வெட்டென்று நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிக்கோட்டை ஒரு மாலையில் வெட்டி முடித்துவிடலாம். மீதி வேலை முழுவதும் அரத்தோடுதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்ட்டன் 1840-ல் தொடங்கிய நிறுவனத்தின் 7-ஆம் எண் கைரம்பம். முதுகு நேராக இருக்கும். கைப்பிடி, விரல் நுழையும் இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மூடிய வகை. தகடு கைப்பிடியின் முன்பக்கம் திறந்த பிளவுக்குள் செருகி நிற்கும். முதல் முயற்சிக்கு இதுவே ஏற்றது. அதே நிறுவனத்தின் டி-8 அதிகம் கண்ணில் படும், ஆனால் அதன் தகட்டு முனை வளைவானது. மேல்பக்கம் மூடிய, வளைந்த பிளவுக்குள் அது நுழைகிறது. தொழிற்சாலையில் அதைச் சுழலும் வட்ட வெட்டியால் வெட்டினார்கள். கைக்கருவியால் அந்தப் பிளவை வெட்டுவது தனி அவதி. 12-ஆம் எண்ணின் கோதுமைக்கதிர்ச் செதுக்கலையும் உருட்டல் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஒரு கொம்பு மட்டும் உடைந்திருந்தால் புதுக் கைப்பிடி செய்யாதீர்கள். உடைந்த இடத்தைத் தட்டையாகச் சீவி, அதே மரத்துண்டை ஒட்டி, வடிவம் கொடுத்தால் போதும். கைப்பிடியே காணாமல் போயிருந்தாலோ, கன்னம் பிளவோடு சேர்ந்து இரண்டாகப் போயிருந்தாலோதான் நகல் வேண்டும்.

உறுப்புகளின் பெயர்கள்

தகட்டை இரண்டு பக்கமும் கவ்வியிருக்கும் முன்பகுதி கன்னம். விரல்கள் சுற்றிப் பிடிப்பது பிடி. பிடிக்கு மேலும் கீழும் பின்னோக்கி நீளும் கூர்முனைகள் மேல்கொம்பு, கீழ்க்கொம்பு. பிடியின் மேல்முனையைக் கன்னத்தோடு சேர்ப்பது கழுத்து. கீழ்முனையைச் சேர்ப்பது கீழ்க்கை. கன்னத்தில் பெரும்பாலும் நான்கு பித்தளைத் திருகுகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் தலை பெரிய முத்திரை வில்லை. ரம்பத்தின் பல் கீழே, நுனி இடதுபுறம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் வில்லை உங்களை நோக்கி இருக்க வேண்டும்.

மரம்

டிஸ்ட்டன் கைப்பிடிகளில் ஆப்பிள் மரமும் பீச் மரமும்தான் முக்கியம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ரம்பங்களில் பீச் அதிகம். ஆப்பிள் கனமானது, ரேகை (நார் ஓடும் வரி) நெருக்கமானது, அரத்துக்கு வெண்ணெய் மாதிரி ஒத்துழைக்கும். ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பச்சையாகக் கிடைத்தால் வெட்டுமுனை இரண்டிலும் உருகிய மெழுகு பூசி, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் நிழலில் காயவிட வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது ஸ்டீம் பீச் என்ற பெயரில் விற்கும் ஐரோப்பிய பீச். நீராவியில் வேகவைத்ததால் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருக்கும், மற்றபடி குறையில்லை. அசலோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கவலை இல்லாமல், ரம்பம் ஓடினால் போதும் என்பவர் நன்றாகக் காய்ந்த பூவரசை எடுக்கலாம். தேக்கு வேண்டாம், மெல்லிய கொம்புகளில் நார் பிரிந்து சில்லுச் சில்லாகப் பெயரும்.

பலகை 180 × 140 மி.மீ., தடிமன் 24 மி.மீ. இருந்தால் இழைத்து 22 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். பழைய அளவில் அது 7/8 அங்குலம். அசல் கைப்பிடி கையில் இருந்தால் அதையே அளங்கள். வில்லையின் தலைக்கு அடியில், தேய்மானம் படாத இடத்தில் அளப்பது நல்லது.

ரேகை ஓடும் திசைதான் கைப்பிடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கன்னத்திலிருந்து கழுத்து வழியாக மேல்கொம்பை நோக்கி ரேகை ஓட வேண்டும். கழுத்துதான் மிக மெல்லிய இடம். அங்கே ரேகை குறுக்கே போனால் ரம்பம் ஒரு முறை தரையில் விழுந்தாலே முறியும். பழைய கைப்பிடியைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்து ரேகையின் கோணத்தை வார்ப்பின் (பலகையில் ஒட்டப்போகும் மாதிரித் தாளின்) மேலேயே ஓர் அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள்.

வளர்வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை வளையாது. பிளவு நேராக நிற்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு. பீச் மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இப்படி அறுத்த பலகையில் அந்தப் பெரிய சுருக்கம் தடிமனில் விழுகிறது. மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி குறைந்தால் 22 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 0.3 மி.மீ. போய்விடும், திருகுகள் தளரும். ஆகவே நன்றாகக் காய்ந்த மரத்தையே எடுங்கள். இழைத்த பிறகும் பலகையைப் பட்டறையில் இரண்டு வாரம் சும்மா கிடக்கவிடுங்கள்.

வார்ப்பு எடுத்தல்

கைப்பிடியைத் தகட்டிலிருந்து கழற்றி, ஸ்கேனரில் முகம் கீழாக வைத்து, பக்கத்தில் ஓர் இரும்பு அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். அச்செடுத்த தாளில் அளவுகோலின் 100 மி.மீ. உண்மையில் 100 மி.மீ. இருக்கிறதா என்று சரிபார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. செல்பேசிப் படம் எடுத்தால் ஓரங்கள் விரிந்து காட்டும். வேறு வழியில்லை என்றால் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பெரிதாக்கி எடுக்க வேண்டும்.

ஸ்கேனில் தெரியும் ஓரம் உண்மையான ஓரம் இல்லை. உருண்டு தேய்ந்த ஓரம் கண்ணாடியைத் தொடுவதில்லை, அதனால் மங்கலாகத் தெரியும். தாளின் மேல் கைப்பிடியை வைத்து, ஒரு சின்ன மூலைமட்டத்தை ஓரத்தோடு நகர்த்திக்கொண்டே கீழே புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் சரியான கோடு கிடைக்கும். உடைந்த கொம்பை ஊகித்து வரைவதைவிட, அதே எண், அதே காலத்து முழுக் கைப்பிடி ஒன்றின் படத்திலிருந்து எடுப்பது நல்லது. ஒரே எண்ணிலும் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கொம்பின் வளைவு மாறியிருக்கும். காலத்தைக் கண்டுபிடிக்க வில்லையில் உள்ள எழுத்தும் திருகின் வகையும் உதவும்.

உள்வளைவுகளை அளக்க ட்ரில் பிட்டுகளே போதும். எந்த பிட்டின் தண்டு வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதோ அதன் விட்டத்தை வார்ப்பில் எழுதி, மையத்தையும் குறியுங்கள். இந்த மையங்களைப் பிறகு துளைக்கப் போகிறோம்.

கடைசியாகக் குறுக்குவெட்டு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2 மி.மீ. தடிமன் ஈயப்பற்றுக் கம்பியை, அதாவது மின்வேலைக்குப் பயன்படும் மென்மையான சால்டர் கம்பியை, பிடியைச் சுற்றி அரை வட்டமாக அழுத்துங்கள். வடிவம் கெடாமல் எடுத்துத் தாளில் வைத்து உட்புறத்தை வரையுங்கள். மேல்கொம்புக்குச் சற்றுக் கீழே, பிடியின் நடுவில், கீழ்க்கொம்புக்குச் சற்று மேலே, கழுத்தில், கீழ்க்கையில் என ஐந்து இடங்களில் எடுத்தால் போதும். அட்டையில் வெட்டி எண்ணிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடியின் நடு அட்டையைப் பார்த்தால் ஒன்று புரியும்: அது வட்டமும் இல்லை, சீரான நீள்வட்டமும் இல்லை. பக்கங்கள் நடுவில் ஏறக்குறையத் தட்டை. முன்னும் பின்னும்தான் வேகமாக உருள்கிறது. பின்பக்கம், உள்ளங்கை அழுத்தும் இடம், முன்பக்கத்தைவிட அகன்ற வளைவு.

பிளவு

பலகை இன்னும் சதுரமாக, இரண்டு முகமும் இணையாக இருக்கும்போதே பிளவை வெட்ட வேண்டும். வடிவம் கொடுத்த பிறகு வெட்டப் போனால் பிடித்துவைக்க ஒரு தட்டையான இடமும் இருக்காது. வார்ப்பை ஒட்டி, கன்னத்தின் முன்னோரத்தை மட்டும் கோட்டோடு அறுத்து நேராக இழைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டின் தடிமனைக் கன்னத்துக்குள் போகும் பகுதியில் மூன்று இடங்களில் மைக்ரோமீட்டரால் அளங்கள். டிஸ்ட்டன் தகடுகளை முதுகுப்பக்கம் மெலியும்படி சாணை பிடித்திருப்பார்கள், பொதுவாக 0.9 முதல் 1 மி.மீ. வரை வரும். பிளவு வெட்டும் ரம்பத்தின் வெட்டு இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, தகட்டைச் செருகிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெட்டு பெரிதாக இருந்தால் ரம்பப் பல்லின் இருபுறமும் எண்ணெய்க் கல்லை ஒரு முறை இழுத்து, பல் விரிவைக் குறையுங்கள்.

நேராக வெட்ட எளிய வழி: பலகையைத் தட்டையான மேசையில் படுக்கவைத்து இறுக்குங்கள். ரம்பத்தையும் படுக்கவைத்து, அதன் கீழே சரியான உயரத்துக்கு ஒரு கட்டை கொடுத்து, கட்டையின் மேலேயே சறுக்கி அறுங்கள். உயரக் கணக்கு இது: பலகைத் தடிமனில் பாதி, கழித்தல் வெட்டு அகலத்தில் பாதி. 22 மி.மீ. பலகைக்கும் 0.9 மி.மீ. வெட்டுக்கும் 10.55 மி.மீ. கட்டையும் தாள் துண்டுகளும் சேர்த்து இந்த உயரத்தைக் கொண்டுவரலாம். ஆழமாகப் போகப் போக மேலோரத்திலிருந்தும் கீழோரத்திலிருந்தும் மாற்றி மாற்றிச் சாய்த்து அறுத்து, தகட்டு முனையின் வடிவத்துக்கு ஏற்றபடி அடியைக் கொண்டுவாருங்கள். அடியில் அரை மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. தகட்டைத் தாங்குவது திருகுகளும் கன்னங்களும்தான்.

தகடு கையழுத்தத்தில் உள்ளே போய், கையை எடுத்தால் தானே நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அடித்து ஏற்றாதீர்கள், கன்னம் பிளக்கும். 180 எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய இரும்புப் பட்டையில் ஒட்டி உள்ளே இழுத்தால் போதும். தளர்வாக இருந்தால் அதைவிட மோசம்: திருகை இறுக்கும்போது இரண்டு கன்னமும் உள்ளே வளைந்து பிளவின் அடியில் விரிசல் தொடங்கும். அப்படியானால் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒரு பக்கம் ஒட்டிச் சரிசெய்யலாம்.

துளைகள்

துளைகளின் இடத்தைப் பழைய கைப்பிடியிலிருந்து எடுக்கக் கூடாது. தகட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தகட்டைப் பிளவில் முழுவதும் செருகி, கன்னத்தின் முன்னோரம் தகட்டைத் தொடும் கோட்டைத் தகட்டின் மேல் மெல்லிய பேனாவால் வரையுங்கள். வெளியே எடுத்து, பலகையின் முகத்தின் மேல் வைத்து, அந்தக் கோட்டைக் கன்னத்தின் ஓரத்தோடு பொருத்தி, துளைகளின் மையத்தைக் கூர்முனைக் குத்தூசியால் குத்துங்கள். ரம்பத்தின் பிடிக்கோணம் இந்த இடத்தில் நிலைத்துவிடுகிறது. பல் வரிசைக்கும் பிடிக்கும் உள்ள கோணம் அசலோடு ஒத்துப்போகிறதா என்று வார்ப்பை மேலே வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

துளைக்கும் வரிசை முக்கியம். முதலில் திருகுத்தலை உட்காரும் அகலக் குழி. அதன் பிறகுதான் உள்துளை. முதலில் உள்துளை போட்டுவிட்டால் அகல பிட்டின் கூர்முனைக்குப் பிடிக்க மரம் இருக்காது. அது அலைந்து குழியின் ஓரத்தைக் கிழிக்கும்.

1. வில்லைப் பக்கத்தில் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியோடு குழி வெட்டும் அகல பிட்) தலையின் ஆழத்துக்குக் குழி. தலைகளின் விட்டத்தை வெர்னியரால் தனித்தனியாக அளங்கள். பழைய பித்தளைத் தலைகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது.
2. அதே மையத்தில் 2 மி.மீ. துளையைச் செங்குத்தாக மறுபக்கம் வரை. பிளவுக்குள் அதே தடிமன் அட்டையைச் செருகிவிட்டுத் துளைத்தால் உள்ளே மரம் பெயராது.
3. மறுபக்கத்தில் வெளிவந்த சின்னத் துளையை மையமாக வைத்து நட்டுக்கான குழி.
4. கடைசியில் திருகின் தண்டு போகும் அளவுக்கு உள்துளை.

தலைக்குக் கீழே தண்டு சதுரமாக இருக்கும். அது சுற்றாமல் பிடிப்பதற்கு. வில்லைப் பக்கக் கன்னத்தில் மட்டும் சின்ன உளியால் துளையைச் சதுரமாக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஓரத்துக்கு அருகில் உள்ள துளையில் கன்னம் வெடிக்கும். துளை தகட்டோடு ஒரு மயிரிழை பொருந்தவில்லை என்றால் மரத்தின் துளையை உருட்டு அரத்தால் அகலப்படுத்துங்கள்; தகட்டைத் தொடாதீர்கள்.

வெளிக்கோடு

வார்ப்பில் குறித்த உள்வளைவு மையங்களை ஃபார்ஸ்ட்னர் பிட்டால் துளையுங்கள். அடியில் கழிவுப் பலகை இருக்க வேண்டும். இனி ரம்பத்துக்கு மிச்சம் இருப்பது துளைகளுக்கு இடையே உள்ள கோடுகள்தான். கோப்பிங் ரம்பத்தால் (வளைவு அறுக்கும் மெல்லிய ரம்பம்) கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, அரத்தால் கோடு வரை வாருங்கள். இரண்டு முகத்திலிருந்தும் நடுவை நோக்கி ராவ வேண்டும். ஒரே பக்கமாகத் தள்ளினால் எதிர்முகத்தில் சில்லு பெயரும். ஓரம் முகத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொரு விரல் தூரத்துக்கும் மூலைமட்டம் வையுங்கள். இந்த நேரத்தில் சாய்ந்துவிட்டால் உருட்டல் இரண்டு பக்கமும் சமமாக வராது.

விரல் நுழையும் உள்வெளி சின்னதாகத் தோன்றும். அகலப்படுத்தத் தோன்றும், வேண்டாம். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றுதான் உள்ளே போகும். ஆள்காட்டி விரல் கன்னத்தின் பக்கவாட்டில் நீண்டு ரம்பத்துக்குத் திசை காட்டும்.

உருட்டல்

தேவையான கருவிகள்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைந்த 200 மி.மீ. மர அரம் ஒன்று சொரசொரப்பாக, ஒன்று நயமாக, ஓர் உருட்டு அரம், இரும்பு அரை வட்ட அரம், ஸ்க்ரேப்பர் (மரத்தைச் சுரண்டும் மெல்லிய எஃகுத் தகடு).

ஓரம் முழுவதும் நடுக்கோட்டைப் பென்சிலால் இழுங்கள். இது கடைசி வரை அழியக் கூடாது. அடுத்து இரண்டு முகத்திலும், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் உருட்டல் உள்ளே போகிறது என்பதைக் குறுக்குவெட்டு அட்டைகளிலிருந்து எடுத்துக் குறியுங்கள். பிடியில் இந்தத் தூரம் 9, 10 மி.மீ. கூட வரும், கழுத்தில் குறையும், கன்னத்தில் சுழியம். இந்தக் கோடு ஒரே அகலத்தில் ஓடினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மலிவு ரம்பங்களில் இயந்திரம் ஒரே ஆரத்தில் ஓரத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். அவற்றைப் பிடித்தால் உள்ளங்கை நோவதற்கு இதுதான் காரணம்.

கோட்டிலிருந்து கோட்டுக்கு முதலில் ஒரு சாய்வுப் பட்டை எடுங்கள். வளைவு கூடாது, தட்டையான பட்டை. நான்கு மூலையிலும் எடுத்தால் பிடி எட்டுப் பட்டையாக நிற்கும். பட்டைகளின் அகலம் சீராக மாறுகிறதா என்று பாருங்கள். தவறை இப்போது கண்ணால் பார்த்துத் திருத்தலாம், உருட்டிய பிறகு முடியாது. சரியாக இருந்தால் ஒவ்வொரு முனையையும் மறுபடி தட்டிப் பதினாறு ஆக்குங்கள். இனி நயமான அரத்தைப் பிடியின் குறுக்கே சுழற்றி ராவினால் உருட்டல் வந்துவிடும். அட்டைகளை அந்தந்த இடத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் விளக்கு வைத்து ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு இடப்பக்கம் போகாதீர்கள். ஒரு பட்டை இங்கே, ஒரு பட்டை அங்கே என்று போனால்தான் இரண்டும் ஒத்துவரும்.

கொம்புகளைக் கடைசியில் தொடுங்கள். கொம்பின் நுனி முகத்திலிருந்தும் மெலிய வேண்டும், 22 மி.மீ. தடிமனோடு நுனி வரை போனால் கட்டை குட்டையாகத் தெரியும். வைஸில் பிடிக்கும்போது கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தின் அதிர்வே அதை முறிக்கும். அதன் அருகிலேயே பிடியுங்கள்.

உருட்டல் கன்னத்தில் வந்து நிற்கும் இடம்தான் பழைய வேலையின் கையெழுத்து. அங்கே உருட்டல் மெல்லக் கரைந்து மறைவதில்லை; ஒரு கூரான விளிம்போடு வெட்டென்று நிற்கும். அந்த விளிம்பை முதலில் கத்தியால் கீறி, கீறலை நோக்கி உளியால் சின்னச் சின்னதாகச் சீவி, ஊசி அரத்தால் முடியுங்கள். பிறகு உப்புத்தாள் அந்தப் பக்கம் போகவே கூடாது. 120 எண் தாளைப் பட்டையாகக் கிழித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல இழுக்கிற பழக்கம் பிடிக்கு மட்டும் சரி. கன்னத்தின் விளிம்புகளில் அது பத்து இழுப்பில் எல்லா உழைப்பையும் மழுங்கடிக்கும். கன்னத்தின் முகத்தை ஸ்க்ரேப்பரால் முடியுங்கள். 240 வரை போனால் போதும். ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரைக் காய்ந்த பிறகு ஒரு முறை தேயுங்கள்.

மெருகு

பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக ஒரு பூச்சு, பதினைந்து நிமிடத்தில் துடைத்தெடுத்து, ஒரு வாரம் காய விடுதல். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள். அதன் மேல் அரக்கு மெருகு: ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். நான்கைந்து மெல்லிய பூச்சு, இடையே மிக நயமான இரும்புக் கம்பளியால் ஒரு தேய்ப்பு, கடைசியில் மெழுகு. தடித்த பளபளப்பு பிடியில் வியர்வையோடு வழுக்கும். பழைய நிறம் வேண்டுமென்றால் ஆரஞ்சு அரக்கே பாதி வேலையைச் செய்துவிடும். மீதியை வெயிலும் கையும் பார்த்துக்கொள்ளும். செயற்கையாக அழுக்கேற்றிப் பழையதாகக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. பிளவின் உட்புறத்தில் செய்த ஆண்டைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

திருகுகளைப் பூட்டுதல்

1870-களின் பிற்பகுதிக்கு முந்தைய ரம்பங்களில் நட்டு, டிரைவர் நுழைய வெட்டுவாய் போட்ட தட்டைப் பித்தளை வட்டு. மரத்தின் மட்டத்துக்கு ராவிவிட்டிருப்பார்கள். பிந்தையவற்றில் நட்டின் தலை குவிந்திருக்கும். தட்டை நட்டுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் உதவாது. நடுவில் திருகின் முனை இடிக்கும். பழைய அகல டிரைவர் ஒன்றின் நுனியில் நடுவே சதுரப் பள்ளம் ராவி, நட்டின் வெட்டுவாய் அகலத்துக்குச் சரியாக மெலித்துக்கொள்ளுங்கள். பித்தளை மென்மையானது; டிரைவர் தளர்வாக இருந்தால் வெட்டுவாய் ஒரே திருப்பில் கிழியும்.

எல்லாத் திருகையும் கையால் தொட்டுக்கொள்ளும்வரை திருகி, பிறகு குறுக்குக் குறுக்காகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு ஒரு பக்கம் இழுத்து வளையும். பல் வரிசையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டை நட்டுகளை உடனே மரத்தின் மட்டத்துக்கு ராவிவிடாதீர்கள். ஒரு வறண்ட பருவம் போகட்டும். மரம் சுருங்கித் திருகு தளரும். மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகு நட்டைச் சுற்றி மரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு ராவினால் நட்டு பிறகு குழிக்குள் இறங்காது.